சுவிஸ் மலைப் பயணம்: டிராவல் பாஸா, அரைக் கட்டண அட்டையா?

சுவிட்சர்லாந்துக்கு ரயில் பாஸ் எடுக்கும்போது எத்தனை நாள் என்று பார்ப்பதற்கு முன் எத்தனை சிகரம் என்று பாருங்கள். ரயில், ஏரிக் கப்பல், மஞ்சள் அஞ்சல் பேருந்து, நகர டிராம் எல்லாவற்றிலும் ஸ்விஸ் டிராவல் பாஸைக் காட்டி ஏறிவிடலாம். ஆனால் உச்சிக்குப் போகும் பற்சக்கர ரயில்களுக்கும் கேபிள் கார்களுக்கும் தனித்தனி நிறுவனங்கள், தனிக் கட்டணம். அங்கே பெரும்பாலும் தள்ளுபடி மட்டும்தான். (நம் ஊட்டி ரயில் ஏறும் ஆப்ட் பற்சக்கர முறையும் இந்த ஊர்ச் சரக்குதான், அதை வகுத்த ரோமன் ஆப்ட் சுவிஸ் பொறியாளர்.)

2024 விலைப்படி, இரண்டாம் வகுப்பு டிராவல் பாஸ் 3 நாளுக்கு 244 ஃபிராங்க், 4 நாளுக்கு 295, 6 நாளுக்கு 379, 8 நாளுக்கு 419, 15 நாளுக்கு 459. அரைக் கட்டண அட்டை ஒரு மாதத்துக்கு 120. அதைக் காட்டினால் ஏறக்குறைய எல்லா டிக்கெட்டும் பாதி விலை. இரண்டுமே வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும். விலை அவ்வப்போது ஏறும் என்பதால், கிளம்பும் ஆண்டின் விலையைப் போட்டுக் கீழே உள்ள கணக்கைத் திரும்பச் செய்துகொள்ளுங்கள்.

பாஸ் விலையிலிருந்து அட்டை விலையைக் கழித்து, வருவதை இரண்டால் பெருக்குங்கள். 8 நாள் பாஸுக்கு 419 − 120 = 299; இரட்டித்தால் 598. பாஸில் இலவசமாகப் போகக்கூடிய பயணங்களின் முழுக் கட்டணம் 598 ஃபிராங்கைத் தாண்டினால்தான் பாஸ் லாபம். இதே கணக்கில் 3 நாளுக்கு 248, 4 நாளுக்கு 350, 6 நாளுக்கு 518, 15 நாளுக்கு 678. தினமும் ஊர் மாற்றுகிறவர்கள் இந்தக் கோட்டைச் சுலபமாகத் தாண்டுவார்கள். இன்டர்லாக்கனில் அறை எடுத்து ஐந்து நாள் அங்கேயே சுற்றுகிறவர்களுக்கு எட்டாது.

சிகரங்களைச் சேர்த்தால் கணக்கு எப்படி மாறும்? கோர்னர்கிராட், பிலாட்டஸ், டிட்லிஸ் மூன்றிலும் பாஸுக்கும் பாதி, அட்டைக்கும் பாதி, வித்தியாசம் இல்லை. ரிகி, ஸ்டான்சர்ஹார்ன், ஸ்டூஸ் மூன்றும் பாஸில் முழு இலவசம். 3,454 மீட்டர் உயர யுங்ஃப்ராவ்யோக்தான் பாஸின் காலை வாரும் இடம். வெங்கன் அல்லது கிரிண்டல்வால்ட் வரை இலவசமாகக் கொண்டுபோய்விட்டு, அதற்குமேல் 25 சதவீதத் தள்ளுபடிதான் தரும். அட்டை பாதி விலைக்கே ஏற்றிவிடும். 2024 கோடையில் இன்டர்லாக்கனிலிருந்து போய்வர ஏறத்தாழ 250 ஃபிராங்க் என்பதால், அந்த மேல் பகுதிக்குப் பாஸ்காரர் அட்டைக்காரரைவிட 50 ஃபிராங்குக்கு மேல் கூடுதலாகக் கொடுப்பார்; முன்போலவே அதை இரட்டித்தால் 100க்கு மேல். ஆக, யுங்ஃப்ராவ்யோக் திட்டத்தில் இருந்தால், 8 நாள் பாஸுக்கான 598 என்ற கோட்டை 700 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அட்டைக்கு இன்னொரு வசதி, வானிலை. மேகம் மூடிய நாளில் மலை ஏறினால் வெள்ளைச் சுவரைத்தான் பார்க்கலாம். காலையில் சிகரத்தின் வெப்கேமைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்கலாம், இல்லையென்றால் அறையிலேயே இருக்கலாம். வெளியே போகாத நாளுக்குப் பணம் போகாது. தொடர் நாள் பாஸில் மழை நாளும் ஒரு நாளாகக் கழியும். ஆனால் 500க்கு மேற்பட்ட அருங்காட்சியகங்கள் அந்தப் பாஸில் இலவசம் என்பதால் முழு நஷ்டமில்லை.

காட்சி ரயில்களில் பலர் ஏமாறுவது முன்பதிவில். பாஸ் டிக்கெட்டுக்குத்தான் ஈடு; கிளேசியர் எக்ஸ்பிரஸிலும் பெர்னினா எக்ஸ்பிரஸிலும் இருக்கைக் கட்டணம் தனி, கட்டாயம். 2024 கோடையில் கிளேசியர் எக்ஸ்பிரஸின் நீண்ட பயணத்துக்கு இது மட்டும் 49 ஃபிராங்க். அதே தண்டவாளத்தில் சாதாரண பாசஞ்சர் ரயிலும் ஓடுகிறது, முன்பதிவு வேண்டாம். பெர்னினாவுக்கு எங்கள் ஓட்டு பாசஞ்சருக்கே: கண்ணாடி திறக்கிற பெட்டி கிடைத்தால் பிரதிபலிப்பு விழாமல் படம் எடுக்கலாம், 2,253 மீட்டரில் உள்ள ஓஸ்பிசியோ பெர்னினாவில் இறங்கி அடுத்த ரயிலில் ஏறலாம். கடைசி நிலையம் திரானோ இத்தாலியில். பாஸ்போர்ட்டை ஹோட்டலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். செர்மாட்–சென்ட் மோரிட்ஸ் முழுத் தூரத்துக்கு மட்டும், பலமுறை மாறி ஏறும் அலுப்பை நினைத்தால், கிளேசியருக்குக் கொடுக்கும் பணம் தகும்.

மற்றவை சுருக்கமாக. ஒரே வட்டாரத்தில் நாலைந்து நாள் தினமும் மலை ஏறுகிறவர்கள் யுங்ஃப்ராவ் டிராவல் பாஸ், பெர்னர் ஓபர்லாண்ட் பாஸ் இரண்டையும் பார்க்கலாம். ஒரே நாளில் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக சேவர் டே பாஸ்: அட்டை உள்ளவர்களுக்கு 2024இல் 29 ஃபிராங்கிலிருந்து, இல்லாதவர்களுக்கு 52இலிருந்து. முன்கூட்டி எடுத்தால்தான் அந்த விலை, பணம் திரும்பாது. யூரெய்ல் பாஸ் பல நாடு சுற்றுகிறவர்களுக்குச் சரி, சுவிஸ் மட்டும் என்றால் வேண்டாம்.

ஒரு மாதத்துக்குள் விரும்பிய நாளைத் தேர்ந்தெடுக்கும் ஃப்ளெக்ஸ் பாஸ் எடுத்தால், ஒவ்வொரு பயண நாளையும் ரயில் ஏறுவதற்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும். மறந்தால் பரிசோதகர் கண்ணுக்கு நீங்கள் டிக்கெட் இல்லாதவர். அட்டைக்காரர்களும் அப்படித்தான்: அட்டையே டிக்கெட் ஆகாது, பாதி விலை டிக்கெட்டை ஏறுவதற்கு முன் வாங்கியிருக்க வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்கள் பாஸ், அட்டை எதை எடுத்தாலும் ஸ்விஸ் ஃபேமிலி கார்டையும் சேர்த்துக் கேளுங்கள். அது இலவசம், 6 முதல் 15 வயதுவரை உள்ள பிள்ளைகள் பெற்றோருடன் கட்டணமின்றி வரலாம். வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.