மூன்று ஆண்டுகள், ஒரே கடிகாரம்: ஓட்டத்துக்கும் சைக்கிளுக்கும் விலை குறைந்த ஜிபிஎஸ் வாட்ச்

வாரத்தில் நான்கு நாள் ஓட்டமும் இரண்டு நாள் சைக்கிளும் என்ற வழக்கத்தோடு, விலை குறைந்த வரிசையைச் சேர்ந்த ஒரு ஜிபிஎஸ் வாட்சை மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்தி வருகிறேன். அந்த மாடல் இப்போது விற்பனையில் இல்லாததால் அதன் பெயர் இங்கே தேவைப்படாது. வாங்கும்போது அதில் எத்தனை விளையாட்டுகளுக்கான பிரிவுகள் இருக்கின்றன, திரை எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது, பெட்டியில் எத்தனை நாள் பேட்டரி என்று போட்டிருக்கிறது ஆகிய மூன்றை மட்டுமே ஒப்பிட்டேன். உடலிலோ சைக்கிளிலோ தனியாகப் பொருத்தும் எந்தெந்த வெளி சென்சார்களோடு அது இணையும் என்ற வரியை முழுமையாகப் படிக்கவில்லை. இந்த மூன்று ஆண்டுகளில் கடிகாரத்தின் பயனைத் தீர்மானித்தது அந்த ஒரு வரிதான் என்பதை விரிவாகச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் தூரக் கணக்கு. வாங்கிய மாதத்திலேயே 400 மீட்டர் ஓடுதளத்தில் 25 சுற்று ஓடி, 10 கி.மீ. வருகிறதா என்று பார்த்தேன். கடிகாரம் 10.19 கி.மீ. காட்டியது. விலைக்கேற்ற துல்லியம்தான் கிடைக்கும் என்று அன்று முடிவுகட்டிவிட்டேன். சில வாரங்கள் கழித்தே காரணம் விளங்கியது. ஓடுதளத்தின் 400 மீட்டர் என்பது முதல் தடத்தின் உள்விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளக்கப்படுவது, நான் ஓடியதோ இரண்டாம் தடத்தில். அங்கே ஒரு சுற்று ஏறத்தாழ 407 மீட்டர். 25 சுற்றுக்குக் கணக்கிட்டால் 10.17 கி.மீ.க்குச் சற்று மேலே வரும். ஆக, கடிகாரத்தின் பிழை 20 மீட்டருக்கும் குறைவு. ஒரு கடிகாரத்தைச் சோதிக்க விரும்புபவர் முதலில் தாம் ஓடிய தூரம் உண்மையில் எவ்வளவு என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். மராத்தான் போட்டிகளில் 42.195 கி.மீ.க்கு மேல் காட்டுவதாகப் பலர் குறைப்பட்டுக்கொள்வதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். போட்டிப் பாதை, வளைவுகளில் மிகக் குறுகிய கோட்டை ஒட்டி அளக்கப்படுகிறது. கூட்டத்துக்கு நடுவே ஓடும் யாராலும் அந்தக் கோட்டிலேயே ஓடிவிட முடியாது.

பிழையே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களிலிருந்து சமிக்ஞை வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டே கடிகாரம் தன் இடத்தைக் கணிக்கிறது. அந்தக் கணக்கில் ஒரு நானோ விநாடி தவறினால் தூரத்தில் 30 செ.மீ. தவறும். உயரமான கட்டடங்களுக்கு இடையே ஓடும்போது சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி வருவதால், கடிகாரம் நம்மைத் தெருவின் எதிர்ப்புறத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. ஈர இலைகள் அடர்ந்த மரநிழலிலும் இதே தொல்லை உண்டு. போதாக்குறைக்கு, ஓடும்போது கை முன்னும் பின்னும் வீசிக்கொண்டே இருக்கிறது. அதனால் அந்தந்த நொடியில் காட்டப்படும் வேகத்தைப் பார்த்து ஓட்டத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் வீண் வேலை. நான் ஒவ்வொரு கிலோமீட்டரையும் ஒரு சுற்றாக வைத்து, அதன் சராசரி வேகத்தை மட்டும் திரையில் வைத்திருக்கிறேன். அந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு என் சீரான ஓட்டங்கள் உண்மையிலேயே சீராயின.

எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசைகளையும் ஏற்கும் கடிகாரங்கள் இப்போது விலை குறைந்த வரிசையிலும் வந்துவிட்டன. 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் எல்1 சமிக்ஞையோடு 1176.45 மெகாஹெர்ட்ஸில் வரும் எல்5 சமிக்ஞையும் சேரும்போது, சுவரில் பட்டு வந்ததையும் நேராக வந்ததையும் பிரித்தறிவது எளிதாகிறது. நகரின் நெருக்கமான தெருக்களில் ஓடுபவர்கள் இதற்காகக் கொஞ்சம் கூடுதலாகச் செலவிடலாம். திறந்தவெளியில் ஓடுபவர்களுக்கும், முக்கியமாகச் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் இது அவ்வளவு அவசியமில்லை. ஹேண்டில்பாரில் அசையாமல் வானம் பார்த்தபடி இருக்கும் கடிகாரம், வேகமாகவும் நேராகவும் செல்லும் பாதையைப் பழைய சிப்பைக் கொண்டே நன்றாகப் பதிவுசெய்கிறது.

செயற்கைக்கோளைப் பிடிக்கக் கடிகாரம் எடுக்கும் நேரத்தைப் பற்றி ஒரு சொல். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் சுற்றுப்பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அனுப்புகிறது. அதை முழுமையாகப் பெறாமல் இடத்தைக் கணிக்க முடியாது. கைபேசிச் செயலியோடு கடிகாரத்தை இணைத்தால், அடுத்த சில நாட்களுக்கான விவரம் முன்கூட்டியே அதில் ஏறிவிடும். முந்தைய இரவே இணைத்துவிடுவது என் வழக்கம். காலையில் காத்திருப்பு பத்து விநாடிக்குள் முடிந்துவிடுகிறது.

இதயத் துடிப்புக்கு வருகிறேன். என்னை அதிகம் குழப்பியதும், பிறகு அதிகம் கற்றுத்தந்ததும் இதுதான். கடிகாரத்தின் அடியிலுள்ள பச்சை ஒளி தோலுக்குள் பாய்ந்து, இரத்த ஓட்டத்துக்கு ஏற்ப எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் கொண்டு துடிப்பு எண்ணப்படுகிறது. உட்கார்ந்திருக்கும்போதும் தூங்கும்போதும் இந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது. ஓடத் தொடங்கிய முதல் பத்து நிமிடங்களில், பேசிக்கொண்டே ஓடும் நிதானமான வேகத்தில், என் கடிகாரம் 172 காட்டியிருக்கிறது. நிமிடத்துக்கு நான் வைக்கும் அடிகளின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அதே 172. உடலின் அதிர்வைத் துடிப்பு என்று கடிகாரம் எண்ணிக்கொண்டதே இதற்குக் காரணம். பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு மேலே ஏற்றி, சற்று இறுக்கிக் கட்டியதில் ஓட்டத்தின்போது இது பெருமளவு குறைந்தது.

சைக்கிளில் அது குறையவே இல்லை. ஹேண்டில்பாரைப் பிடிக்கும்போது மணிக்கட்டு மடங்குகிறது, தசைநார்கள் இறுகுகின்றன, சாலையின் அதிர்வு முழுவதும் கைக்கு வருகிறது. மேட்டில் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருக்கையில் 108 என்று காட்டும் எண்ணை வைத்து எந்தப் பயிற்சியையும் திட்டமிட முடியாது. ஏறத்தாழ ஓராண்டு இந்த எண்களை நம்பி, எளிதாக ஓட்ட வேண்டிய நாட்களில் கடுமையாக ஓட்டியிருக்கிறேன். பிறகு, இதயத்தின் மின்துடிப்பை நேரடியாக அளக்கும் மார்புப் பட்டை ஒன்றை வாங்கி, புளூடூத் வழியாக இணைத்தேன். கடிகாரம் அதை ஏற்றுக்கொண்டது என் நல்வாய்ப்பு. இதே விலையில் இருந்த வேறு சில மாடல்கள் எந்த வெளி சென்சாரையும் ஏற்பதில்லை என்பது பின்னர்தான் எனக்குத் தெரியவந்தது. அவற்றில் ஒன்றை வாங்கியிருந்தால் முதலாண்டு முடிவிலேயே கடிகாரத்தை மாற்ற வேண்டியிருந்திருக்கும்.

மார்புப் பட்டை வந்ததும் கடிகாரம் கையில் இருக்க வேண்டிய தேவையே சைக்கிளில் நீங்கியது. ஹேண்டில்பாரில் பொருத்தும் சிறிய ரப்பர் பிடிமானத்தில் அதைக் கட்டிவிட்டேன். கையைத் திருப்பிப் பார்க்காமல் சாலையை நோக்கியபடியே எண்களைப் படிக்க முடிவது பாதுகாப்புக்கும் நல்லது. பின்னர் சக்கர வேகத்தையும் மிதிக்கும் வேகத்தையும் அளக்கும் சென்சார்களைச் சேர்த்தேன். வேக சென்சாருக்குச் சக்கரத்தின் சுற்றளவைச் சரியாகக் கொடுக்க வேண்டும்; 700×25 டயருக்கு அது சுமார் 2105 மி.மீ. பட்டியலைப் பார்த்து நிரப்புவதைவிட, காற்றை வழக்கமான அழுத்தத்தில் நிரப்பி, சைக்கிளில் ஏறி அமர்ந்து, சக்கரம் ஒரு முழுச் சுற்று உருளும் தூரத்தைத் தரையில் அளப்பதே சரி. இதில் ஒரு சதவீதம் தவறினால் 100 கி.மீ. பயணத்தில் ஒரு கிலோமீட்டர் தவறும்.

வாங்க நினைப்பவர்கள் இந்த இணைப்பு விவரத்தை வரி வரியாகப் படிக்க வேண்டும் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள். 2021இல் வந்த கார்மின் ஃபோர்ரன்னர் 55 மார்புப் பட்டையையும் வேக சென்சாரையும் ஏற்கும். மிதிக்கும் திறனை அளக்கும் பவர் மீட்டரை ஏற்காது, காற்றழுத்த உயரமானியும் அதில் இல்லை. கோரோஸ் நிறுவனத்தின் பேஸ் 2, ஆன்ட் பிளஸ், புளூடூத் ஆகிய இரண்டு கம்பியில்லா வழிகளிலும் சென்சார்களோடு இணைந்தது. 2023இல் வந்த பேஸ் 3 இரண்டு அலைவரிசை ஜிபிஎஸ்ஸைக் கொண்டுவந்தாலும் ஆன்ட் பிளஸ்ஸைக் கைவிட்டது. கையில் ஏற்கெனவே பழைய ஆன்ட் பிளஸ் சென்சார் வைத்திருப்பவருக்கு, புதிய மாடல் என்பதே நட்டமாக முடியலாம்.

உயரக் கணக்கில் என் கடிகாரம் தோற்றுவிட்டது. ஜிபிஎஸ் வழியாகக் கிடைக்கும் உயரம், கிடைமட்ட இடத்தைவிட எப்போதுமே துல்லியம் குறைந்தது. காற்றழுத்த உயரமானி இல்லாததால், சமதளத்தில் ஓட்டிய நாளிலும் பல நூறு மீட்டர் ஏறியதாகக் கணக்குக் காட்டியது. உயரமானி இருந்தாலும் கவனம் தேவை. கடல்மட்டத்துக்கு அருகே 1 ஹெக்டோபாஸ்கல் மாற்றம் சுமார் 8 மீட்டர் உயரத்துக்குச் சமம் என்பதால், மழை வரும் முன் அழுத்தம் குறைந்தால் நின்ற இடத்திலேயே கடிகாரம் மேலே ஏறும். ஆனாலும் மலைப்பாதையில் ஓட்டுபவர்கள் உயரமானி இல்லாத கடிகாரத்தை வாங்க வேண்டாம்.

திரையைப் பொறுத்தவரை, சூரிய ஒளியைப் பிரதிபலித்துக் காட்டும் மங்கலான எம்ஐபி திரைதான் என்னுடையது. கடையில் தானே ஒளிரும் அமோலெட் திரைக்குப் பக்கத்தில் வைத்தால் பரிதாபமாகத் தெரியும். நண்பகல் வெயிலில் ஹேண்டில்பாரில் எப்போதும் அணையாமல் தெரிவதும், பேட்டரியைத் தின்னாததும் அதன் பலம். தூக்க மதிப்பெண், மன அழுத்த மதிப்பெண் போன்றவற்றை ஆறு மாதத்துக்குப் பிறகு நான் பார்ப்பதே இல்லை. 220இலிருந்து வயதைக் கழித்து அதிகபட்சத் துடிப்பைத் தானாக நிரப்பிக்கொள்ளும் அமைப்பையும் முதல் நாளே மாற்றிவிடுங்கள். அந்தச் சூத்திரம் ஒரு தனிமனிதருக்குப் பத்துப் பதினைந்து துடிப்பு வரை தவறலாம். அதன்மேல் கட்டப்படும் பயிற்சி மண்டலங்கள், அதாவது எளிது முதல் கடினம் வரையான துடிப்பு எல்லைகள், அத்தனையும் சேர்ந்தே தவறும்.

நீண்ட காலத்தில் தேய்ந்தவை மூன்று. சார்ஜ் செய்யும் உலோக முனைகளில் வியர்வை உப்பு படிந்து பச்சை பிடித்ததால், இரண்டாம் ஆண்டில் ஒரு வாரம் சார்ஜ் ஏறவே இல்லை. பழைய பல்துலக்கியால் நன்னீரில் தேய்த்துக் கழுவிய பிறகே சரியானது. இப்போது ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜரில் வைக்கிறேன். ரப்பர் பட்டை ஒருமுறை அறுந்தது. பொது அளவான 22 மி.மீ. பட்டை என்பதால் மாற்று எளிதாகக் கிடைத்தது. தனக்கென்றே ஒரு வடிவத்தில் பட்டை வைத்திருக்கும் கடிகாரங்களைத் தவிர்க்க இதுவே போதுமான காரணம்.

மூன்றாவது பேட்டரி. புதிதில் ஜிபிஎஸ் இயங்க 19 மணி நேரம் தாங்கியது. இப்போது 14 மணி நேரத்தைத் தொட்டதும் அணைகிறது. என் ஓட்டங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பயணத்துக்கும் இது இன்னும் தாராளம். ஆனால் அடுத்த ஆண்டு குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் பயணமான 200 கி.மீ. பிரவே ஒன்றில் கலந்துகொள்ள எண்ணியிருக்கிறேன். அதன் கால வரம்பு 13 மணி 30 நிமிடம். அரைமணி நேர இடைவெளியை நம்பி, சென்சார்கள் எல்லாம் இணைந்திருக்க, அவ்வளவு தூரம் போக மனம் ஒப்பவில்லை. அதனால் புதிய கடிகாரத்தைத் தேடத் தொடங்கியிருக்கிறேன். இம்முறை முதலில் படிப்பது எதனோடெல்லாம் இணையும் என்ற வரியைத்தான். அடுத்தது உயரமானி, அதற்கடுத்தது பேட்டரி. பழையது ஓட்டத்துக்கு மட்டும் என் கையிலேயே இருக்கும். மார்புப் பட்டை புதியதோடும் இணையும்.