ஸ்பைடர்மேன் ஹோம்கமிங் ப்ளூரே: படம் சூப்பர், அந்த மத்த அஞ்சு பசங்க எங்கப்பா?

ஓடிடில இருக்குற படத்தை எதுக்கு காசு குடுத்து டிஸ்க்கா வாங்குறன்னு வீட்ல கேக்குறாங்க, ஃப்ரெண்ட்ஸும் கேக்குறாங்க. எக்ஸ்ட்ராஸுக்குத்தான். குறிப்பா இந்த ஹோம்கமிங் டிஸ்க்க நான் வாங்குனதே உள்ள இருக்குற 'சர்ச்சிங் ஃபார் ஸ்பைடர்மேன்'ங்கிற ஒரு குட்டி வீடியோவுக்காக. டாம் ஹாலண்டை எப்படிப் புடிச்சாங்கன்னு படம் எடுத்தவங்களே உக்காந்து சொல்றது. 2015ல யாரு அடுத்த ஸ்பைடர்மேன்னு நெட்ல நடந்த அடிதடி இருக்கே, அதை ஒரு நாள் விடாம பாத்தவன் நான், அதனால உள்கதை ஏதாவது வரும்னு ஆசையா போட்டேன். பத்து நிமிஷம் கூட இல்ல. பையன் வந்தான், எங்களுக்குப் புடிச்சுது, நல்ல பையன், திறமையான பையன், அவ்ளோதான். கல்யாண வீடியோல சொந்தக்காரங்க வரிசையா வந்து மாப்ளைய பத்தி நல்லதா நாலு வார்த்த சொல்லிட்டுப் போவாங்கல்ல, அந்த ரேஞ்சு.

உண்மைல நடந்தது இதை விட பல மடங்கு சுவாரசியம், அதான் கடுப்பு.

தெரியாதவங்களுக்கு சொல்றேன். ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் ஸ்பைடர்மேனா ரெண்டு படம் பண்ணாரு, 2012லயும் 2014லயும். ரெண்டாவது படம், ஸ்பைடர்மேன் பட உரிமை வெச்சிருக்குற சோனி எதிர்பார்த்த அளவுக்குப் போகல. 2015 பிப்ரவரில சோனியும் மார்வெலும் கை கோத்துட்டாங்க, ஸ்பைடர்மேன் இனிமே அயர்ன் மேன், கேப்டன் அமெரிக்கா இருக்குற அதே உலகத்துக்கு வர்றாரு, ஆனா புது ஆளு, அதுவும் ஸ்கூல் படிக்கிற வயசுப் பையன். இந்த ஒரு வரி வந்த உடனே ஆரம்பிச்சுது. ஏன்னா அதுக்கு முன்னாடி வந்த ரெண்டு பேரும் ஸ்கூல் பையனா நடிச்சாங்களே தவிர ஸ்கூல் பையன் வயசு இல்ல. டோபி மக்வயர் முதல் படம் வரும்போது 26, கார்ஃபீல்ட் 28. பீட்டர் பார்க்கர் (ஸ்பைடர்மேனோட நிஜப் பேரு) லாக்கர் பக்கத்துல நிக்கும்போது இன்னும் பத்து நிமிஷத்துல ஸ்டாஃப் ரூமுக்குப் போயிருவாரோன்னு தோணும்.

அப்போ கோஷ்டி கோஷ்டியா பிரிஞ்சாங்க. டிலன் ஓ'பிரையன் கோஷ்டிதான் சத்தம் ஜாஸ்தி, டீன் வுல்ஃப் சீரியல் பாத்தவங்க எல்லாம் இவன்தான் பீட்டர், நக்கலும் இருக்கு பாவமும் இருக்குன்னு சத்தியம் பண்ணாங்க. லோகன் லெர்மன் கோஷ்டி கொஞ்சம் பழைய கோஷ்டி, 2010 ரவுண்டுலயே அவர் பேர் அடிபட்டது, அப்பவும் கிடைக்கல இப்பவாவது குடுங்கடான்னு ஒரு ஏக்கம். ஆனா ரெண்டு பேருக்கும் அப்பவே 23 வயசு, மார்வெல் தேடுன கணக்குல ஆரம்பத்துலயே அடிபட்டுப் போச்சு, அதை சொன்னா ஃபேன்ஸ் அடிக்க வந்தாங்க. மூணாவது, அசா பட்டர்ஃபீல்ட். ஹ்யூகோ படத்துல வந்த அந்த நீலக் கண்ணு சின்னப் பையன். ஒல்லியா, பயந்த மாதிரி, புத்திசாலி மூஞ்சி, காமிக்ஸ்ல இருந்து அப்படியே எடுத்து வெச்ச மாதிரி இருக்கான்னு அவன் ஃபோட்டோல சிவப்பு சூட் ஒட்ட வெச்சு ஆளாளுக்கு போட்டுத் தள்ளுனாங்க. மே மாசம் அசாதான் ஃபைனல்னு செய்தியே வந்துருச்சு. வாழ்த்து சொன்னவங்க பாதி, இவனுக்கு உடம்பே இல்லையே எப்படி தாவுவான்னு திட்டுனவங்க பாதி.

இந்த மாதிரி சண்டை நமக்கு ஒண்ணும் புதுசு இல்ல, வந்தியத்தேவனா யாரு நடிக்கணும்னு மூணு தலைமுறையா சண்ட போட்ட ஊரு இது, அதனால அந்த வெறி எனக்கு நல்லாவே புரிஞ்சுது. ஆனா ஒரு விஷயம் கவனிச்சேன், எல்லாருமே மூஞ்சியப் பத்தி மட்டும்தான் பேசுனாங்க. இவன் மூஞ்சி பீட்டர் மாதிரி இருக்கு, அவன் மூஞ்சி இல்ல. ஸ்பைடர்மேன் படத்துல பாதி நேரம் மூஞ்சியே தெரியாதுப்பா! மாஸ்க் போட்டா மிச்சம் இருக்குறது உடம்பும் குரலும்தான். அந்த ரெண்டையும் பத்தி நான் பாத்த சண்டைல பேசுனவங்க ரொம்ப கம்மி.

செலக்‌ஷன் பண்ணவங்க அதைத்தான் பாத்தாங்க. மே கடைசில அட்லாண்டால ஸ்க்ரீன் டெஸ்ட்னு அப்ப வெளிவந்த செய்தில ஆறு பேர் இருந்தாங்க, டாம் ஹாலண்ட், அசா பட்டர்ஃபீல்ட், ஜூடா லூயிஸ், மேத்யூ லின்ட்ஸ், சார்லி ப்ளம்மர், சார்லி ரோ. சும்மா கேமரா முன்னாடி டயலாக் ஒப்பிக்கிறது இல்ல, எதிர்ல அயர்ன் மேனா நடிச்ச ராபர்ட் டவுனி ஜூனியர் நிக்கிறாரு, அவரு பாட்டுக்கு எழுதாத வசனத்தை எல்லாம் அள்ளி விடுற ஆளு, அதை வாங்கி திருப்பி அடிக்கணும். அதுக்கு முன்னாடியே ஹாலண்ட் வீட்ல இருந்து அனுப்புன வீடியோல பல்டி எல்லாம் அடிச்சு அனுப்பிருக்கான். பையன் லண்டன்ல பில்லி எலியட் நாடகத்துல பாலே ஆடி வளந்தவன், 2008ல மேடை ஏறுனப்ப 12 வயசு, ஜிம்னாஸ்டிக்ஸ் வேற. அப்புறம் சுனாமிய வெச்சு எடுத்த தி இம்பாசிபிள்ல அம்மாவ தேடிக்கிட்டு ஓடுற மகனா வந்தான், அதைப் பாத்தவங்களுக்கு இவன் அழுதா நமக்கு தொண்டை அடைக்கும்னு தெரியும். 2015 ஜூன் 23 பேர் அறிவிச்சாங்க, அப்ப 19 முடிஞ்சு மூணு வாரம்தான் ஆச்சு.

அறிவிச்ச கதையே ஒரு காமெடி. இவனுக்கு யாரும் ஃபோன் பண்ணி சொல்லல. அடுத்த ஸ்பைடர்மேன் யாருன்னு எங்க வெப்சைட்ல பாருங்கன்னு மார்வெல் இன்ஸ்டால போட, பையன் லேப்டாப்ப திறந்து பாத்தா தன் பேரு. துள்ளுன துள்ளுல லேப்டாப் கட்டில்ல இருந்து விழுந்து போச்சு. தம்பி ஹாரி ஓடி வந்து, டேய் நம்பாத, ஹேக் பண்ணிருப்பாங்கடான்னு சொல்லிருக்கான், ஏன்னா முந்தின வருஷம்தான் சோனியவே ஹேக் பண்ணி மொத்த மெயிலையும் வெளிய விட்டிருந்தாங்க. இதை அவனே டிவி ஷோ டிவி ஷோவா சொல்லிட்டான்.

இன்னொண்ணு, சோனி பக்கம் இவனுக்கு உடனே தலையாட்டல, நாங்கதான் விடாப்பிடியா நின்னோம்னு ருஸ்ஸோ சகோதரர்கள் பின்னாடி பேட்டில சொல்லிருக்காங்க. ஹோம்கமிங்குக்கு முன்னாடி வந்த 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' படத்துல முதல்ல இவனை வெச்சு எடுக்கப் போறது அவங்கதானே. அந்த இழுபறி, சரியா அந்த இடம்தான் எனக்கு இந்த டிஸ்க்ல வேணும். யாரு வேணாம்னாங்க, ஏன், எந்த டெஸ்ட்ல மனசு மாறுச்சு? நடிகர் டிமொத்தே ஷாலமே கூட இந்த ரோலுக்கு ரெண்டு தடவ ரீடிங் குடுத்துட்டு வேர்த்து விறுவிறுத்து வெளிய வந்தேன்னு சொல்லிருக்காரு. அவரு பாட்டுக்கு வேற ரூட்ல எங்கயோ போயிட்டாரு. மேத்யூ லின்ட்ஸ் 2022ல மிஸ் மார்வெல்ல ப்ரூனோவா வந்து சேந்துட்டான், ஹீரோயினோட கம்ப்யூட்டர் மூள ஃப்ரெண்டா, அப்படியே ஒரு பீட்டர் பார்க்கர் டைப் ரோலு. அசாவுக்கு 2019ல செக்ஸ் எஜுகேஷன் வந்துச்சு, அதுல அந்த கூச்ச சுபாவம் அவ்ளோ அழகா வேல செய்யும். என்னைக் கேட்டா டோபி மக்வயர் பண்ண அந்த சோகமான, உள்ளுக்குள்ளயே புழுங்குற பீட்டர் இருக்கானே, அதுக்கு அசா கரெக்டான ஆளு. ஆனா இவங்க எழுதி வெச்சிருந்தது வாய் ஓயாத, இடம் பொருள் தெரியாம அவெஞ்சர்ஸ் சூப்பர்ஹீரோ டீம்ல சேக்க மாட்டீங்களான்னு நச்சரிக்கிற பீட்டர். அதுக்கு ஹாலண்ட்தான்.

சரி படத்துக்கு வருவோம், ரிவ்யூன்னு போட்டுட்டு இத்தன நேரம் பழங்கதை பேசுனா திட்டுவீங்க. பிக்சர் செம க்ளீன், வாஷிங்டன் மானுமென்ட் சீன்ல உயரம் அப்படியே வயித்தக் கலக்குது, நைட் சீன்ல கறுப்பு கறுப்பாவே இருக்கு, ஓடிடில வர்ற மாதிரி கட்டம் கட்டமா உடையல. சவுண்டும் நல்லா இருக்கு, கப்பல் ரெண்டா பிளக்குற இடத்துல சப்வூஃபர் வெச்சிருக்கவங்க கீழ் வீட்டுக்காரங்கள நெனச்சுக்குங்க. என் காப்பில தமிழ் ஆடியோ இல்ல, தமிழ் டப்பிங்ல பாத்து பழகுனவங்க அதை செக் பண்ணிட்டு வாங்குங்க.

பையன் ஏன் செட் ஆனான்னு தெரியணும்னா ரெண்டு சீன் போதும். ஒண்ணு, கான்க்ரீட் இடிஞ்சு மேல விழுந்து கீழ மாட்டிக்கிற சீன். டோனி ஸ்டார்க் (அதான் அயர்ன் மேன்) குடுத்த சூட் புடுங்கியாச்சு, வீட்ல தெச்ச பனியன் மாதிரி ஒண்ணு போட்டிருக்கான். முதல்ல தூக்கப் பாக்குறான் முடியல, அப்புறம் யாராவது இருக்கீங்களா, நான் மாட்டிக்கிட்டேன்னு கத்துறான், அந்தக் குரல் உடையுது பாருங்க, ஹீரோ குரல் இல்ல அது, லிஃப்ட்ல மாட்டுன பத்தாங்கிளாஸ் பையன் குரல். தரைல தேங்குன தண்ணில பாதி அவன் மூஞ்சி பாதி மாஸ்க்கா தெரியும், அதுக்கப்புறம்தான் தன்னையே பேர் சொல்லி கூப்ட்டு எந்திரிப்பான். 1966ல வந்த காமிக்ஸ்ல இருக்குற புகழ்பெத்த சீன் அது, பழைய ரசிகருங்க தியேட்டர்ல எந்திரிச்சு நின்னதுக்கு அதான் காரணம். 28 வயசு ஆளு அப்படி அழுதா பாவமா இருக்கும், பயமா இருக்காது. இங்க பயமா இருக்கு.

இன்னொண்ணு கார் சீன். டான்ஸுக்குக் கூட்டிட்டுப் போற பொண்ணோட அப்பாதான் வில்லன், மைக்கேல் கீட்டன், டிரைவர் சீட்ல உக்காந்து கண்ணாடி வழியா பையனப் பாத்து பேச்சுக் குடுத்துக்கிட்டே வர்றாரு. சிக்னல்ல நிக்குது. இவன்தான் ஸ்பைடர்மேன்னு அவருக்கு உறைக்கிற நேரத்துல லைட் பச்சையாகி அவரு மூஞ்சில விழுது, அப்பா பச்சை விழுந்துருச்சுன்னு பொண்ணு சொல்லுது. ஹாலண்ட் இதுல ஒண்ணுமே பண்ணல, எச்சில் முழுங்குறான், ஜன்னலப் பாக்குறான், அவ்ளோதான். இதே கீட்டனை 1988ல பேட்மேனா போட்டதுக்கு ரசிகருங்க எதிர்ப்புக் கடிதம் மட்டும் 50,000 போட்டாங்கன்னு சொல்லுவாங்க, காமெடி நடிகனப் போய் பேட்மேனா போடுறதான்னு. படம் வந்ததும் அத்தன பேரும் கப்சிப். அவரு எதிர்ல இந்தப் பையன உக்கார வெச்சது யாரு ஐடியாவோ தெரியல, கை குடுக்கணும்.

நடிகர் டொனால்ட் க்ளோவர் மேட்டரும் இதுலயே இருக்கு. 2010ல அவரை ஸ்பைடர்மேன் ஆடிஷனுக்காவது கூப்டுங்கன்னு ட்விட்டர்ல பெரிய கேம்பெய்ன் ஓடுச்சு, கூப்டல. அந்த வருஷம் ஒரு சீரியல்ல அவரு ஸ்பைடர்மேன் பைஜாமா போட்டு வந்ததப் பாத்ததும் மைல்ஸ் மொராலெஸ்ங்கிற கறுப்பினப் பையன ஸ்பைடர்மேனா எழுதுற உற்சாகம் கூடுச்சுன்னு காமிக்ஸ் எழுதுன பெண்டிஸ் சொல்லிருக்காரு, 2011ல மைல்ஸ் வந்தான். ஹோம்கமிங்ல க்ளோவர் ஆரன் டேவிஸா வர்றாரு, மைல்ஸோட அப்பா கூடப் பொறந்தவர் கேரக்டர், கைய கார் டிக்கியோட வலையால ஒட்ட வெச்சுட்டுப் போறான் ஸ்பைடி, உள்ள ஐஸ்க்ரீம் இருக்குடான்னு கத்துவாரு. கூடப் பொறந்தவன் பையன் ஒருத்தன் இந்த ஏரியால இருக்கான்னும் சொல்லுவாரு, அதான் மைல்ஸ். ரசிகர் கேம்பெய்ன்ல தோத்த ஆளுக்கு இதை விட நல்ல மரியாத எந்தக் கம்பெனியும் பண்ணதில்ல. இதப் பத்தியாவது ஒரு அஞ்சு நிமிஷ வீடியோ வெச்சிருக்கலாமேப்பா.

மத்த எக்ஸ்ட்ராஸ்ல ஸ்டண்ட் பத்தி வர்றது கண்டிப்பா பாருங்க, ஹாலண்ட் தானே பல்டி அடிக்கிறதப் பாத்தா ஏன் இவனை எடுத்தாங்கங்கிறது அந்த செலக்‌ஷன் வீடியோவ விட இதுலதான் நல்லா வெளங்கும். கேப்டன் அமெரிக்கா ஸ்கூல் பசங்களுக்கு அட்வைஸ் பண்ற வீடியோஸ் முழுசா குடுத்திருக்காங்க, கிறிஸ் எவன்ஸ் முகத்துல அந்த அசட்டு சீரியஸ்னஸ் இருக்கே, ஐயோ. டெலிட்டட் சீன்ஸ் ஓகே ரகம். நடிகருங்க சொதப்புனதத் தொகுத்த கேக் ரீல் மொக்க. ஃபோட்டோ கேலரி எல்லாம் யாரு பாக்குறான்னு தெரியல.

கேஸ் பத்தி ஒண்ணு. எனக்கு வந்த பெட்டில டிஸ்க்கப் புடிச்சுக்கிற நடு பல்லு ஒடஞ்சு, டிஸ்க் உள்ள லொட லொடன்னு ஆடிக்கிட்டே வந்துச்சு, நல்லவேள கீறல் மேலாப்புலதான், ஓடுது. வித்தவங்ககிட்ட கேட்டா டிஸ்க் ஓடுதுல்ல அப்புறம் என்ன சார்ங்கிறாங்க. அதனால ஆன்லைன்ல வாங்குறவங்க பாலித்தீன் கவரப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே காதுகிட்ட வெச்சு ஒரு ஆட்டு ஆட்டிப் பாருங்க, சத்தம் வந்தா பிரிக்காமலே ரிட்டர்ன் போட்டுருங்க. பிரிச்சுட்டா எடுத்துக்க மாட்டாங்க.