நடு சீட்டில் துண்டு போட்டால் பிசினஸ் கிளாஸ்

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை ஐரோப்பாவுக்குள் எங்கேயாவது கூட்டிப்போக பிசினஸ் கிளாஸ் டிக்கெட் போடலாமா என்று யோசிப்பவர்கள், கார்டு நம்பரைத் தட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு யாரும் சொல்லாததால் 920 யூரோ கூடுதலாக அழுதேன்.

போன செப்டம்பரில் பெற்றோர் மதுரையிலிருந்து ஜெர்மனிக்கு வந்திருந்தார்கள். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம், மடக்கி உட்கார்ந்தால் எழ ஐந்து நிமிடம் ஆகும். ஆனாலும் ஏதென்ஸ் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். நேரடி விமானம் இல்லை, நடுவில் ஓர் ஊரில் மாற வேண்டும். போய்வர எகானமி ஆளுக்கு 230 யூரோ, பிசினஸ் 690. முன்பதிவுத் தளத்தில் பிசினஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு பெண் காலை நீட்டிப் படுத்திருக்கும் படம். சந்தேகத்தில் போன் போட்டும் கேட்டேன், "இருக்கை வசதியாக இருக்கும், கால் நீட்ட இடம் உண்டு" என்றார் எடுத்தவர். சரி, போகிற காசு போகட்டும் என்று அவர்கள் இருவருக்கும் பிசினஸ், எனக்குப் பின்னால் எகானமி.

ஏறியதும்தான் விஷயம் தெரிந்தது. ஏ320 விமானம், இந்தப் பக்கம் மூன்று அந்தப் பக்கம் மூன்று, முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை ஒரே சீட்டு. முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவே அதே 30 அங்குலச் சொச்சம். பிசினஸில் நடு சீட்டில் யாரையும் உட்கார வைக்க மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அப்புறம் ஒரு திரை. அந்தத் திரையும் நிலையானது இல்லை, அன்றைக்கு எத்தனை டிக்கெட் விற்றதோ அதற்கேற்ப நான்காம் வரிசைக்குப் பின்னாலோ எட்டாம் வரிசைக்குப் பின்னாலோ நகர்த்திக்கொள்வார்கள். வளைகுடா வழியாக வந்த பெரிய விமானத்தில் முன்னால் கட்டில் மாதிரி சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தவர் அம்மா. இங்கே முழங்காலை முன் சீட்டில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, "இதுக்காடா இவ்வளவு காசு? நம்ம மாட்டுத்தாவணி பஸ்ல மூணு பேர் சீட்ல நடுவுல துண்டு போட்டு இடம் பிடிப்பாங்களே, அதேதான்" என்றார். இதைவிடச் சரியாக யாராலும் விளக்க முடியாது.

சாப்பாடு நன்றாக இருந்தது, சைவம் முன்பே சொல்லியிருந்தோம். லவுஞ்ச் உண்டு, பெட்டி கூடுதலாகப் போடலாம். ஆனால் எங்களுக்கு வேண்டியது முழங்காலுக்கு இடம். வீல்சேர் உதவிக்கும் பிசினஸுக்கும் சம்பந்தமே இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது: ஐரோப்பிய விமான நிலையங்களில் அது எந்த வகுப்புக்கும் இலவசம், 48 மணி நேரத்துக்கு முன் சொல்லிவிட்டால் போதும். அவசர வழி வரிசையில் இடம் அதிகம்தான், ஆனால் உதவி தேவைப்படுபவர்களை அங்கே உட்கார விடமாட்டார்கள்.

இதுவரை நடந்தது என் அறியாமை. திரும்பும்போது நடந்ததுதான் வயிற்றெரிச்சல்.

ஏதென்ஸில் வீல்சேர்க்காரர் அவர்கள் இருவரையும் தனி வழியாக முன்னாலேயே கேட்டுக்கு அழைத்துப்போய்விட்டார். பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்று நான் போய்ச் சேர்வதற்குள் அப்பா கையில் புது போர்டிங் பாஸ்: 23பி, 24இ. இரண்டும் நடு சீட்டு, வேறு வேறு வரிசை. விமானத்தை மாற்றிவிட்டார்களாம், சின்ன விமானம், அதனால் திரை முன்னுக்குப் போய்விட்டதாம். கூடவே ஆளுக்கு 75 யூரோவுக்கு ஒரு கூப்பன். "கையெழுத்துப் போடச் சொன்னாங்கப்பா, போட்டேன்" என்றார். என்ன காகிதம் என்று அவருக்குத் தெரியாது, யாரும் சொல்லவுமில்லை. எனக்கு 14ஆம் வரிசையில் ஓரத்து சீட்டு. 230 யூரோ கொடுத்தவன் முன்னால், 690 கொடுத்தவர்கள் பின்னால். அம்மாவை என் இடத்தில் உட்கார வைத்துவிட்டு நான் 24இ-க்குப் போனேன்.

வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் சட்டம் கையில் கிடைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதியில் விமானம் தாமதம், ரத்து பற்றிய பகுதியைத்தான் எல்லோரும் பேசுவார்கள். அதில் 10ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. வாங்கிய வகுப்பிலிருந்து கீழே இறக்கினால், 1500 கிலோமீட்டர் வரையுள்ள விமானத்துக்கு டிக்கெட் விலையில் 30 சதவீதம், ஒன்றியத்துக்குள் அதற்கு மேல் போனால் 50 சதவீதம், ஒன்றியத்துக்கு வெளியே 3500 கிலோமீட்டரைத் தாண்டும் நீண்ட பயணத்துக்கு 75 சதவீதம், 7 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். பணமாகத்தான் தர வேண்டும், பயணி கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால் மட்டுமே கூப்பன். அப்பாவிடம் அவசரமாக வாங்கிய கையெழுத்து எதற்கு என்று இப்போது புரிகிறதா?

எழுதிக் கேட்டேன். ஆறு வாரம் கழித்து வந்த பதில் இன்னும் அழகு. 30 சதவீதம் கணக்குப் போட்டிருந்தார்கள், அதையும் 'அடிப்படைக் கட்டணம்' என்று டிக்கெட்டில் அச்சடித்திருந்த 380 யூரோவின் மேல். போய்வந்த மொத்தத் தூரத்தில் அந்த விமானத்தின் பங்கு 45 சதவீதம், அதில் 30 சதவீதம், ஆக 51 யூரோ. நாங்களோ 75 கொடுத்துவிட்டோம், ஆகவே உங்களுக்கு அதிகமாகவே தந்திருக்கிறோம் என்று முடித்திருந்தார்கள்.

இரண்டு இடத்தில் தவறு. ஒன்று, அந்த விமானம் பறந்த தூரம் 1500-ஐத் தாண்டுகிறது, பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்து இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய தூரத்தை யார் வேண்டுமானாலும் இணையத்தில் அளக்கலாம். எனவே 50 சதவீதம். இரண்டாவது, வரிக்கு அடியில் ஒளிந்திருந்த 180 யூரோ 'கூடுதல் கட்டணம்'. அது அரசுக்கோ விமான நிலையத்துக்கோ போவதில்லை, நிறுவனமே வைத்துக்கொள்கிற பணம், வகுப்புக்கு ஏற்ப கூடும் குறையும். 2016 ஜூனில் லக்சம்பர்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. டசல்டார்ஃபிலிருந்து துபாய் வழியாக டோக்கியோ போன ஒருவரை முதல் பகுதியில் முதல் வகுப்பிலிருந்து பிசினஸுக்கு இறக்கிய வழக்கு அது. இறக்கப்பட்ட அந்த ஒரு விமானத்தின் விலைதான் கணக்கு, விலை தனியாக அச்சிடவில்லை என்றால் மொத்தத் தூரத்தில் அதன் பங்கு எவ்வளவோ அவ்வளவு. எந்த வகுப்பில் போனாலும் மாறாத வரிகளை மட்டும்தான் கழிக்கலாம். அப்படிப் பார்த்தால் 380-உம் 180-உம் சேர்ந்த 560-இல் 45 சதவீதம் 252, அதில் பாதி 126. இரண்டு பேருக்கு 252 யூரோ.

இதையும் எழுதினேன். 'உங்கள் தந்தை கூப்பனை ஏற்றுக் கையெழுத்திட்டுள்ளார்' என்று ஒரே வரி. நல்லவேளை, கூப்பனைத் தொடவில்லை. பெர்லினில் பயணிகளுக்கான சமரச மையம் இருக்கிறது, பயணிக்கு ஒரு பைசா செலவில்லை. முதலில் நிறுவனத்திடம் கேட்டிருக்க வேண்டும், மறுத்தாலோ இரண்டு மாதம் பதில் இல்லாவிட்டாலோ அங்கே போகலாம். டிக்கெட், பழைய போர்டிங் பாஸ், புது போர்டிங் பாஸ், கையெழுத்துத் தாளின் நகல் எல்லாவற்றையும் ஏற்றினேன். பழைய போர்டிங் பாஸை அப்பா பத்திரமாக வைத்திருந்ததால் தப்பித்தோம், கேட்டில் அதைக் கிழித்துப்போடக் கை நீட்டினார்களாம். மையம் முடிவு சொல்வதற்கு முன்பே, ஐந்தாம் மாதத்தில், கணக்கில் 252 யூரோ விழுந்தது. கூடவே ஒரு மின்னஞ்சல்: இது சட்டப் பொறுப்பால் அல்ல, நல்லெண்ணத்தால் தருகிறோம் என்று. வைத்துக்கொள்ளட்டும் அவர்கள் நல்லெண்ணத்தை.

திரும்பி வந்தது 252, எகானமிக்கு மேல் கொடுத்தது 920, அந்தக் கணக்கை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பிசினஸே வேண்டும் என்பவர்கள் பதிவு செய்யும்போது சீட்டு வரைபடத்தைத் திறந்து பாருங்கள். பின்னால் மூன்று-மூன்று, முன்னால் மட்டும் இரண்டு-இரண்டு என்று இருந்தால் உண்மையிலேயே அகலமான சீட்டு. ஐஸ்லாந்தேர் விமானங்களில் அப்படித்தான். மாட்ரிட்-லண்டன், ஹெல்சின்கி-லண்டன் மாதிரி சில தடங்களில் சில நேரம் நீண்டதூர விமானத்தையே விடுவார்கள், அதில் படுக்கையே கிடைக்கும். மூன்று-மூன்று என்று இருந்து நடுவில் மட்டும் சாம்பல் நிறம் என்றால், அது துண்டு.

ஏற்கெனவே இப்படி இறக்கப்பட்டு கூப்பனோடு வந்தவர்கள், அதைச் செலவழிக்காமல் வைத்திருங்கள். ஜெர்மனியில் அந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 3 ஆண்டு வரை கேட்கலாம், பழைய போர்டிங் பாஸ் எந்தப் பையில் கிடக்கிறது என்று தேடிப் பாருங்கள்.