நாகர்கோவில் பழக்கடைகள்: மட்டி வாங்க வருபவர்களுக்கு ஒரு மதிப்பீடு

நாகர்கோவிலில் பழக்கடைக்குப் போய் "ஒரு கிலோ வாழைப்பழம்" என்று மட்டும் கேட்டால், "எந்தப் பழம்?" என்ற கேள்விதான் திரும்பி வரும். கடைக்காரரின் தலைக்கு மேல் மட்டி, ரசகதலி, செந்துளுவன், பாளையங்கோட்டான், பேயன், ஏத்தன் (நேந்திரன்) என்று குலைகள் வரிசையாகக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்க, வாழைப்பழம் என்ற பொதுப்பெயரைக் கொண்டு அவரால் எதையும் எடுத்துத் தர முடியாது. வடசேரி கனகமூலம் சந்தையைச் சுற்றியும், கோட்டாறு, செட்டிகுளம் பகுதிகளிலும் உள்ள சிறிய குலைக் கடைகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் நான் பழம் வாங்கிய ஊர்களில், இத்தனை இரகங்கள் அன்றாடப் புழக்கத்தில் இருப்பதும், அவற்றின் குணத்தை அறிந்து விற்பவர்கள் இருப்பதும் இந்த ஊரில்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

இதற்குக் காரணம் ஊரைச் சுற்றியிருக்கும் நிலம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் இந்த மாவட்டத்துக்குக் கிடைக்கின்றன. திருவிதாங்கூர் ஆட்சிக் காலத்தில் கட்டப்பட்டு 1906-இல் பயன்பாட்டுக்கு வந்த பேச்சிப்பாறை அணையின் நீர் நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் பாய்ந்தது. அந்த வயல்களில் ஒரு பகுதி பின்னாளில் நெல்லை விட்டு வாழைக்கும் தென்னைக்கும் மாறியது. இன்னொரு பகுதி வீட்டுமனைகளானது. மேற்கே பழைய கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் வீட்டைச் சுற்றிய விளைகளில், அதாவது தோட்டங்களில், தென்னை, பலா, மா, வாழை, நல்லமிளகு என எல்லாம் கலந்தே நிற்கும். 2019-இல் மாநகராட்சியாக உயர்ந்த பிறகு நாகர்கோவிலின் சாலைகளும் கட்டடங்களும் மாறிக்கொண்டு வந்தாலும், அந்த விளைகளிலிருந்து வரும் குலைகளே இன்றும் இந்தக் கடைகளை நடத்துகின்றன.

நல்ல குலைக் கடை ஒன்றில் வியாபாரம் நடக்கும் முறையைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். "பிள்ளைக்குக் குடுக்கவா அக்கா, வீட்டுல திங்கவா?" என்று முதலில் கேட்கிறார்கள். இன்றைக்கே வேண்டுமென்றால் குலையின் மேற்பகுதியில் நன்றாகப் பழுத்த சீப்பையும், இரண்டு நாள் வைத்திருக்க வேண்டுமென்றால் அடியில் செங்காயாக நிற்கும் சீப்பையும் அறுக்கிறார்கள். வளைந்த கத்தியைத் தண்டோடு ஒட்டி வைத்து, பழத்தில் கீறல் விழாமல் ஒரே இழுப்பில் சீப்பைத் தனியாக எடுக்கும் லாகவம் காண அழகானது. பழத்தை எடை போட்டு விற்பதால், சீப்போடு ஒட்டி வரும் தண்டுத் துண்டைச் செதுக்கிவிட்டு நிறுக்கும் கடையா என்பதைக் கவனிப்பது நல்லது. நேர்மையான கடைக்காரர் நாம் சொல்லாமலேயே செதுக்கிவிடுவார்.

மட்டிதான் இந்த ஊருக்கு வருபவர்கள் முதலில் கேட்க வேண்டிய பழம். கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பிருந்தே, தாய்ப்பாலுக்கு அடுத்தபடியாகக் குழந்தைக்கு மசித்து ஊட்டும் பழமாக இங்குள்ள வீடுகளில் அது இருந்துவருகிறது. பழம் சிறியது, தோல் மெல்லியது, சதை மிகவும் மிருதுவானது. வாயில் போட்டவுடன் தேனை நினைவூட்டும் மணமும் அழுத்தமான இனிப்பும் தெரியும். செம்மட்டி, தேன்மட்டி, மலைமட்டி என்று அதற்குள்ளேயே வகைகள் உண்டு. சீப்பைக் கையில் எடுத்துப் பார்த்தால், பழங்கள் சீராக அடுக்கி வைத்தவை போல் இல்லாமல், காற்றில் கலைந்த தலைமுடி போல ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிற்பதைக் காணலாம். மட்டியை அடையாளம் காண இது மிகவும் உதவும்.

அந்த அடையாளம் தெரிந்திருப்பது அவசியம். சுற்றுலாப் பயணிகள் வந்து இறங்கும் இடத்துக்கு அருகிலிருந்த ஒரு கடையில், ஏலக்கி வாழைப்பழத்தை மட்டி என்று சொல்லி எனக்கு விற்றார்கள். இரண்டும் சிறிய பழங்கள் என்பதால் வெளியூர்க்காரர்கள் எளிதில் ஏமாறக்கூடும். அதே கடையில் வேறு சில பழங்கள் தோல் முழுவதும் ஒரே மஞ்சளாக மின்ன, காம்பு மட்டும் கரும்பச்சையாக இருந்தது. உரித்தால் உள்ளே கட்டியாக, மணமே இல்லாமல் இருந்தது. கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது. குறிப்பிட்ட அளவுக்குள் எத்திலீன் வாயுவைப் பயன்படுத்த மட்டுமே அனுமதி உண்டு. குழந்தைக்கு ஊட்டுவதற்காகத் தேடி வாங்கப்படும் பழத்தின் பெயரில் இப்படி விற்பதை எந்த விதத்திலும் பொறுத்துக்கொள்ள முடியாது. சீப்பாக அறுத்து அடுக்கி வைத்திருக்கும் பழத்தைவிட, குலையாகத் தொங்குவதிலிருந்து நம் கண் முன்னே அறுத்துத் தரும் பழத்தை வாங்குவதே பாதுகாப்பு.

பொதுவாக இந்தக் கடைகள் மீது எனக்குள்ள குறை ஒன்று உண்டு. குலை எந்த ஊர் விளையிலிருந்து வந்தது என்பது கடைக்காரருக்குத் தெரிந்திருந்தும், ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிடும் வழக்கம் அநேகமாக எங்கும் இல்லை. மட்டிக் குலை சிறியது. ஒரே அளவு நிலத்தில் ஏத்தன் வைத்தால் கிடைக்கும் எடை இதில் கிடைக்காது. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் இந்த மாவட்டத்து வாழைத் தோட்டங்களைச் சாய்த்துப் போட்டதைப் பார்த்த விவசாயி, அடுத்த கன்றை நடும்போது வருமானத்தைத்தான் முதலில் கணக்குப் பார்ப்பார். இரகத்தின் பெயரும் விளைந்த ஊரின் பெயரும் கடையில் எழுதப்பட்டு, அதற்காகச் சற்றுக் கூடுதல் விலை கொடுக்க வாடிக்கையாளர் முன்வந்தால்தான், புவிசார் குறியீட்டின் பயன் மட்டியை நடுகிறவரின் கைக்குப் போய்ச் சேரும்.

ஏத்தனைப் பொறுத்தவரை, ஓணத்தை ஒட்டிய வாரங்களில் கேரளச் சந்தையின் தேவையால் விலை ஏறிவிடும். அந்தச் சமயத்தில் அதைத் தவிர்ப்பது பணத்துக்கு நல்லது. மற்ற நாட்களில், தோலில் கரும்புள்ளி விழுந்த ஏத்தம்பழத்தை வாங்கி ஆவியில் வேகவைத்துச் சாப்பிடலாம். தேங்காய் எண்ணெயில் வறுத்த ஏத்தங்காய் வற்றலை அடுப்பிலிருந்து இறக்கும் நேரத்தில் வாங்குவதுதான் சிறப்பு. பொட்டலத்தில் நாள்பட்டது கிட்டத்தட்ட வேறு பண்டம். கோடையில் வந்தால் செங்கவருக்கை மாம்பழமும், இங்கே சக்கை என்று சொல்லப்படும் பலாப்பழமும் கிடைக்கும். சக்கையில், வெட்டித் தரும் கடையில் வருக்கையா (கெட்டியான சுளை) கூழனா (குழைந்த சுளை) என்று கேட்டு, ஒரு சுளை தின்று பார்த்த பிறகு வாங்கலாம். யாரும் முகம் சுளிப்பதில்லை.

காலையில் குலைகள் வந்து இறங்கிய பிறகு, வெயில் ஏறுவதற்கு முன் போவது நல்லது. இரவு ரயிலில் சென்னைக்குத் திரும்புபவர்கள் மட்டியை நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டு போக வேண்டாம். மெல்லிய தோல் பையின் அழுத்தத்தில் கறுத்து, பழம் நசுங்கிவிடும். அதை ஊரிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, கொண்டுபோவதற்கு முற்றிய ஏத்தங்காயாக ஒரு சீப்பு கேளுங்கள். வீட்டில் மூன்று நான்கு நாளில் தானாகப் பழுத்துவிடும்.