டேட்டாபேஸா, ஃபோல்டரா: அப்லோடு ஆகும் கோப்பை எங்கே வைப்பது?

விண்ணப்பப் படிவம் ஒன்றைப் பராமரிக்கும் வேலை என் கைக்கு வந்தபோது, அதில் வந்து சேர்ந்த புகைப்படம், சான்றிதழ் எல்லாமே மை.எஸ்.க்யூ.எல் டேட்டாபேஸின் டேபிளுக்குள் ப்ளாப்பாக, அதாவது வெறும் பைட் குவியலாக, கிடந்தன. ஒரு வருடம் அப்படியே ஓட்டினேன். அப்புறம் அத்தனையையும் வெளியே எடுத்து டிஸ்க்கில் ஒரு ஃபோல்டருக்கு மாற்றினேன். இரண்டோடும் மல்லுக்கட்டிய பிறகு சொல்கிறேன், நான் ஃபோல்டர் பக்கம்தான்.

முன்பாதி வேலை இரண்டுக்கும் ஒன்றே. படிவத்துக்கு, கோப்பையும் சேர்த்து அனுப்பும் மல்ட்டிபார்ட் என்கோடிங் வைக்காவிட்டால் கோப்பின் பெயர்தான் வரும், கோப்பு வராது. வந்த கோப்பை, சர்வரில் நம் ஸ்கிரிப்டை ஓட்டும் பி.எச்.பி ஒரு தற்காலிக இடத்தில் வைத்திருக்கும். ஸ்கிரிப்ட் முடிவதற்குள் நாம் எடுத்துக்கொள்ளாவிட்டால் அழித்துவிடும். வரம்பை நாம் மாற்றாதவரை ஒரு கோப்புக்கு 2 எம்.பி., மொத்தப் படிவத்துக்கு 8 எம்.பி. இதில் 8-ஐத் தாண்டுவதுதான் ஆளைக் குழப்பும். கோப்புக்கான பிழை எண் எதுவும் கிடைக்காது. படிவத் தகவல் வரும் போஸ்ட், கோப்பு விவரம் வரும் ஃபைல்ஸ் என இரண்டு அரேயும் காலியாக வந்து நிற்கும். எல்லாவற்றையும் பொறுமையாக நிரப்பி அனுப்பியவரிடம் நம் ஸ்கிரிப்ட் "பெயரை நிரப்பவும்" என்று கேட்கும். பி.எச்.பிக்கு முன்னால் வெப்சர்வராக என்ஜின்எக்ஸ் இருந்தால் அதன் வரம்பு 1 எம்.பி.தான், அதையும் உயர்த்த வேண்டும்.

டேட்டாபேஸுக்கு உள்ள பெரிய பலத்தை மறைக்கக் கூடாது. விண்ணப்பமும் கோப்பும், நடந்தால் முழுதாக நடக்கும், இல்லாவிட்டால் நடக்காது என்கிற ஒரே டிரான்ஸாக்‌ஷனில் சேரும், ஒன்றாகவே அழியும். டேபிளில் விண்ணப்பத்தின் வரி இருக்கிறது, கோப்பைக் காணோம் என்ற பேச்சே எழாது. சில கிலோபைட் அளவில் கையெழுத்துப் படங்கள் மட்டும் என்றால் இன்றும் அதையே செய்வேன்.

ஆனால் அளவு பெருகும்போது சங்கடம் வருகிறது. ப்ளாப் என்று வெறுமனே போட்ட கட்டம் 65,535 பைட்தான் தாங்கும். நான் எடுத்துக்கொண்ட சர்வரில், அளவு மீறினால் பிழை காட்டி மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோடு அணைந்திருந்தது. அதனால் பெரிய படங்கள் சத்தமில்லாமல் வெட்டுப்பட்டுச் சேர்ந்திருந்தன. திறந்து பார்த்தால் நெற்றியும் கண்ணும் தெரியும், மூக்குக்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம். மீடியம்ப்ளாப் போட்டால் 16 எம்.பி. வரை தீரும் என்பது உண்மைதான். ஆனால் வெட்டுப்பட்ட படங்களை விண்ணப்பதாரர்களிடம் திரும்பக் கேட்டு வாங்குவதைத் தவிர வழியில்லை.

அதையும் சரிசெய்துவிட்டேன். என்னை மாற வைத்தது பேக்கப்.

எழுத்தாக இருந்த தகவல் மொத்தம் 80 எம்.பி. கூட இல்லை. கோப்புகளோடு சேர்த்து 9 ஜி.பி. டேட்டாபேஸ் முழுவதையும் ஒரு கோப்பாக எழுதி வைக்கும் டம்ப் எடுப்பது என்றால் ஒவ்வொரு இரவும் அந்த 9 ஜி.பி.யையும் முதலிலிருந்து எழுதுவது. அன்றைக்கு வந்தது மூன்றே விண்ணப்பமாக இருந்தாலும் இதே கதைதான். பைனரி கெடாமல் இருக்க ஹெக்ஸ் முறையில் எடுத்தால் ஒரு பைட் இரண்டு எழுத்தாகிவிடும், 18 ஜி.பி. அமுக்கி வைத்தாலும் ஜேபெக் ஏற்கெனவே அமுக்கப்பட்டதுதானே, பழைய 9-க்குக் கீழே பெரிதாக இறங்காது. அதைவிட மோசம் திரும்ப ஏற்றுவது. தப்பாக ஓடிய ஒரு அப்டேட்டைச் சரிசெய்ய எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு சிறிய டேபிள். அதற்காக டம்ப் முழுவதும் ஏறி முடியும்வரை பாதி நாள் காத்திருந்தேன்.

ஃபோல்டருக்கு மாறியதும் இது இரண்டாகப் பிரிந்தது. டேட்டாபேஸ் டம்ப் சில நொடிகளில் முடிகிறது. கோப்புகளை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி பார்த்துக்கொள்கிறது. புதிதாக வந்ததை மட்டும் நகலெடுக்கும். அப்லோடு ஆன சான்றிதழ் அதன் பிறகு மாறுவதே இல்லை என்பதால் இந்த ஏற்பாடு அதற்கென்றே செய்ததுபோல் பொருந்துகிறது.

இதில் வரிசைதான் முக்கியம். சேர்க்கும்போது முதலில் கோப்பை நகர்த்த வேண்டும், பிறகு டேபிளில் வரி. அழிக்கும்போது முதலில் வரி; கோப்பை ஒரு வாரம் கழித்து, தனி ஸ்கிரிப்ட் பெருக்கித் தள்ளட்டும். பேக்கப்பிலும் முதலில் டம்ப், அதன் பின் ஃபோல்டர். இப்படிச் செய்தால் டம்ப்பில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் கோப்பு நிச்சயம் இருக்கும். மிஞ்சிப்போனால் எந்த வரிக்கும் சேராத சில கோப்புகள் கூடுதலாகக் கிடக்கும், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. வரிசையைத் தலைகீழாக்கினால் டேட்டாபேஸ் தரும் அந்தப் பாதுகாப்பை நாமே தூக்கி எறிந்ததாகிவிடும்.

ஃபோல்டருக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. அதை வலைத்தளத்தின் மூல ஃபோல்டருக்குள் வைத்தால், யாராவது பி.எச்.பி கோப்பை அப்லோடு செய்து முகவரியைத் தட்டி ஓட்டிவிடலாம். ஆகவே வெளியே வையுங்கள். சேமிக்கும் பெயரை ராண்டமாக நீங்களே உண்டாக்குங்கள், அனுப்பியவர் வைத்த பெயர் டேபிளில் ஒரு கட்டமாக இருந்தால் போதும். பிரவுசர் சொல்லும் கோப்பு வகையை நம்பாமல் பி.எச்.பியின் ஃபைல்இன்ஃபோவால் உள்ளடக்கத்தைப் பாருங்கள். திரும்பக் காட்டும்போது அனுமதியை மட்டும் பி.எச்.பி சரிபார்த்து, கோப்பை அனுப்பும் வேலையை எக்ஸ்-ஆக்செல்-ரீடைரக்ட் ஹெடர் மூலம் என்ஜின்எக்ஸிடம் விட்டுவிடலாம்.

சர்வர் இரண்டாகும்போது ஃபோல்டர் திணறும். ஒன்றில் ஏறிய கோப்பு மற்றதில் இருக்காது. அங்கே எல்லா சர்வருக்கும் பொதுவாகக் கோப்பை வைக்கும், அமேசானின் எஸ்3 போன்ற ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ்தான் வழி. நான் அதை ஒரே ஒரு சிறிய வேலைக்குத்தான் பயன்படுத்தியிருக்கிறேன், ஆகவே அந்த அளவுக்கே என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பை ஏற்ற அனுமதிக்கும், கையொப்பமிட்ட முகவரியை சர்வர் தரும், பிரவுசர் நேரே அங்கே ஏற்றிவிடும், பி.எச்.பி வரம்புகள் குறுக்கே வராது. ஆனால் முன்பு வாசலிலேயே நடந்த சோதனை இப்போது கோப்பு ஏறிய பிறகுதான் நடக்கும். குறைந்தபட்சம் அளவையாவது முன்கூட்டியே கட்டுப்படுத்த, கோப்பை நேராக ஏற்றும் புட் முறையை விட்டுவிட்டு, படிவமாக அனுப்பும் போஸ்ட் முறையில் கையொப்பமிடுங்கள். அதன் விதிகளில்தான் கோப்பு எத்தனை பைட்டுக்குள் இருக்க வேண்டும் என்று எழுதி வைக்க முடியும்.