வெனிஸ் படகு பாஸ்: எத்தனை மணி நேரத்துக்கு எடுப்பது?

வெனிஸின் சாந்தா லூசியா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் சாலை கிடையாது. படிகள் இறங்குகின்றன, கீழே கிராண்ட் கனால் கிடக்கிறது. கரையோரம் படகுத்துறைகள், பக்கத்திலேயே டிக்கெட் இயந்திரங்கள். முதல் முறை போனபோது நானும் மனைவியும் பெட்டியை உருட்டிக்கொண்டு நேராக அந்த இயந்திரத்துக்குப் போய் ஆளுக்கொரு 72 மணி நேர பாஸ் எடுத்தோம். மூன்று நாள் தங்கப்போகிறோம், மூன்று நாள் பாஸ். வேறு யோசனையே வரவில்லை.

ஊர் திரும்பிய பிறகு எண்ணிப் பார்த்தேன். மூன்று நாளில் படகில் ஏறியது நான்கே முறை. வந்திறங்கிய அன்று ஒன்று, கடைசி நாள் தீவுகளுக்குப் போய்வர மூன்று. நடுவில் ஒரு நாள் முழுக்க நடந்தே சுற்றினோம். இன்றைய விலையில் சொன்னால், 45 யூரோ பாஸை வைத்துக்கொண்டு 38 யூரோவுக்குத்தான் பயணம் செய்திருக்கிறோம். அது போகட்டும். அந்த நான்கு பயணங்களையும் ஒரே நாளைக்குள் அடுக்கியிருந்தால் 25 யூரோவில் முடிந்திருக்கும் என்பதுதான் உறுத்தியது.

அடுத்த முறை அப்பா அம்மாவோடு போனபோது கணக்கு முற்றிலும் வேறாக வந்தது. இரண்டையும் வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

முதலில் விலைகள். நகரப் படகுக்கு அங்கே வப்போரெட்டோ என்று பெயர். 1881-இல் நீராவிப் படகாகத் தொடங்கிய சேவை என்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நடத்துவது ஏசிடிவி என்ற பொதுப் போக்குவரத்து நிறுவனம். 75 நிமிட தனி டிக்கெட் 9.50 யூரோ, அதாவது ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். 24 மணி நேர பாஸ் 25 யூரோ, 48 மணி 35, 72 மணி 45, ஏழு நாள் 65. இவை அவ்வப்போது ஏறும், கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். முதல் நாளுக்கு 25, இரண்டாவது நாளுக்கு 10, மூன்றாவது நாளுக்கும் 10. அதற்கப்புறம் வரும் நான்கு நாளுக்கும் சேர்த்தே 20தான். தனி டிக்கெட்டோடு ஒப்பிட்டால் 24 மணி பாஸ் மூன்றாவது பயணத்தில் லாபத்துக்கு வரும், 48 மணி நான்காவதில், 72 மணி ஐந்தாவதில், ஏழு நாள் பாஸ் ஏழாவதில். நீண்ட பாஸ்தான் மலிவு என்று தோன்றும். அங்கேதான் நாங்கள் ஏமாந்தோம். ஒரு நாளைக்கு என்ன விலை என்று பார்க்கக் கூடாது, எத்தனை முறை உண்மையிலேயே ஏறுவோம் என்று பார்க்க வேண்டும்.

வெனிஸ் நடக்கிற ஊர். ரயில் நிலையத்திலிருந்து சான் மார்க்கோ சதுக்கத்துக்கு நடந்தால், வழியில் நின்று வேடிக்கை பார்க்காவிட்டால், முப்பத்தைந்து நாற்பது நிமிடம். எல்லாத் துறையிலும் நின்று போகும் 1-ஆம் எண் படகில் போனாலும் கிட்டத்தட்ட அதே நேரம்தான், சில நாள் கூடவே ஆகும். ஆகவே ஊருக்குள் படகு என்பது அவசரத்துக்கானது அல்ல. அது ஒரு காட்சி, அல்லது கால்களுக்கு ஓய்வு. வேறு வழியே இல்லாமல் படகு தேவைப்படுவது தீவுகளுக்குத்தான்: முரானோ, புரானோ, தொர்ச்செல்லோ, லீதோ, ஜுதெக்கா, சான் ஜோர்ஜோ மஜோரே.

தனி டிக்கெட் யாருக்கு? ஒரு பகல் மட்டும் வந்துபோகிறவர்களுக்கு. ஒரு பக்கம் நடை, திரும்பும்போது படகு என்றால் ஒன்றே போதும். ஆனால் கால்வாயின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போக மட்டும் அதை எடுக்காதீர்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாகிவிடும். கிராண்ட் கனால் கிட்டத்தட்ட நான்கு கிலோமீட்டர் நீளம், அதன் குறுக்கே நான்கே பாலங்கள். பாலம் தொலைவில் இருக்கும் இடங்களில் த்ரகெத்தோ என்ற கடத்துப்படகு உண்டு. அதுவும் கொண்டோலாதான், அலங்காரம் மட்டும் இருக்காது. முன்னும் பின்னுமாக இருவர் துடுப்புப் போடுவார்கள், வெளியூர்க்காரருக்கு 2 யூரோ. ரியால்தோ சந்தைக்கு எதிரே உள்ள சாந்தா சோஃபியா துறையில் காய்கறிப் பையோடு வரும் உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து கடந்தோம். இரண்டு நிமிடம்கூட ஆகாது. அரை மணி நேர கொண்டோலா சவாரிக்குப் பகலில் 90 யூரோ என்பதை நினைத்துக்கொண்டால் இதன் அருமை புரியும். பாஸ் இதில் செல்லாது, சில்லறை வைத்திருங்கள்.

அடுத்து 24 மணி பாஸ். நல்ல உடல்நலத்தோடு இரண்டு மூன்று நாள் தங்குகிற பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஆனால் எப்போது தொடங்குகிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பாஸ் வாங்கிய நேரத்திலிருந்து ஓடாது. துறையின் வாயிலில் இருக்கும் கருவியில் முதல் முறை தொட்ட நிமிடத்திலிருந்து 24 மணி நேரம். நள்ளிரவில் தீர்ந்துபோகாது. எனவே காலையில் தொடங்காதீர்கள், மாலையில் தொடங்குங்கள்.

இப்படி வைத்துக்கொள்ளலாம். மாலை ஐந்தரைக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலோ, வெளியிலிருந்து வரும் பஸ்கள் நிற்கும் பியாத்சாலே ரோமாவிலோ பாஸைத் தொட்டு 1-ஆம் எண் படகில் ஏறுங்கள். தொடக்கத் துறை பியாத்சாலே ரோமா என்பதால் அங்கே ஏறினால் வெளியே உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். பொழுது சாயும் வெளிச்சத்தில் கால்வாய் முழுவதையும் பார்த்தபடி, சான் மார்க்கோ சதுக்கத்துக்குப் பக்கத்தில் உள்ள சான் ஸக்கரியா துறை வரை போகலாம். அங்கே இறங்கி 2-ஆம் எண் படகில் ஒரே துறை தாண்டினால் சான் ஜோர்ஜோ மஜோரே. நடந்து போக முடியாத தீவு அது. துறையில் நின்றால் எதிரே சான் மார்க்கோவின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பிப்பது தெரியும். திரும்பி வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி படகிலேயே தங்குமிடத்துக்குப் போகலாம்.

மறுநாள் காலை ஃபொந்தமெந்தே நோவே துறைக்கு வந்து 12-ஆம் எண் படகு. பத்து நிமிடத்தில் முரானோ. தீ விபத்துக்கு அஞ்சி 1291-இல் கண்ணாடி உலைகளை நகரத்திலிருந்து அப்புறப்படுத்திக் கொண்டுவந்த தீவு. அப்புறம் புரானோ, வண்ண வீடுகளுக்கும் பின்னல் லேஸுக்கும் பெயர் பெற்றது. அங்கிருந்து சில நிமிடத்தில் தொர்ச்செல்லோ. கூட்டமெல்லாம் புரானோவோடு திரும்பிவிடுவதால் இங்கே அமைதி. 639-இல் நிறுவப்பட்ட தேவாலயமும் அதன் சுவரை நிறைக்கும் மொசைக் ஓவியமும் இருக்கின்றன. எங்கள் முதல் பயணத்தில் நேரமில்லை என்று இதைத்தான் விட்டோம். அதை எண்ணி இன்றும் வருந்துகிறேன். மூன்று தீவும் பார்த்துவிட்டு ஐந்து மணிக்குள் நகரத்துக்குத் திரும்பிவிடலாம். கணக்குப் போடுங்கள்: தீவுகளுக்கு மட்டும் நான்கு தனி டிக்கெட், 38 யூரோ. முந்தைய மாலையின் பயணங்களும் சேர்ந்து எல்லாமே 25-க்குள் அடங்கிவிட்டன. மற்ற நேரம் முழுக்க நடை. நேரம் முடிவதற்குள் கடைசிப் படகிலிருந்து இறங்கிவிடும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

48 மணி பாஸைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தீவுகளோடு லீதோ கடற்கரைக்கும் ஒரு நாள் வேண்டும் என்றால் எடுக்கலாம்.

72 மணி பாஸின் உண்மையான மதிப்பு அம்மாவோடு போனபோதுதான் எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி. வெனிஸில் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் இருக்கின்றன, ஏறக்குறைய எல்லாவற்றிலும் படிகள். வரைபடத்தில் ஐந்து நிமிடம் என்று தெரியும் தூரத்தில் நான்கு பாலம் வரும். ஏறி இறங்கி ஏறி இறங்கி, முதல் நாள் மதியத்துக்குள்ளேயே அம்மாவின் முகம் வாடிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்று மதியமே நால்வருக்கும் 72 மணி பாஸ் எடுத்தோம். அதன் பிறகு இரண்டு துறை தள்ளி இருக்கும் இடத்துக்குக்கூடப் படகுதான். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை ஏறினோம். தனி டிக்கெட்டில் ஆளுக்கு 90 யூரோ தாண்டியிருக்கும். பணத்தைவிட, "இதுக்கு எவ்வளவு ஆகுமோ" என்று ஒவ்வொரு முறையும் அம்மா தயங்காமல் ஏறி உட்கார்ந்ததுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. பெரியவர்களோடு போகிறவர்கள் மணிக்கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், முதல் நாளே 72 எடுத்துவிடுங்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் உடன் வருபவருக்கும் தனிச் சலுகை உண்டு, கவுண்ட்டரில் கேளுங்கள்.

உங்களுக்கோ பிள்ளைகளுக்கோ வயது 6 முதல் 29-க்குள் என்றால் மேலே சொன்ன ஒப்பீடே மாறிவிடும். ரோலிங் வெனிஸ் என்ற அட்டையை 6 யூரோவுக்கு வாங்கினால் 72 மணி பாஸ் 27 யூரோ. ஆக 33. பெரியவர்களின் 48 மணி பாஸைவிடக் குறைவு! 24 மணி பாஸைவிட 8 யூரோதான் கூட. இளைஞர்கள் யோசிக்கவே தேவையில்லை. வயதுக்குச் சான்றாக பாஸ்போர்ட் வைத்திருங்கள். ஆறு வயதுக்குக் கீழே இலவசம்.

ஏழு நாள் பாஸ், லீதோவிலோ ஜுதெக்காவிலோ அறை எடுத்து நான்கு நாளுக்கு மேல் தங்குகிறவர்களுக்குப் பொருந்தும். அறைக்குப் போகவே தினம் இரண்டு படகு வேண்டுமே.

செலவு குறைய, எதிரே நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேயில் தங்குகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். அங்கிருந்து பியாத்சாலே ரோமாவுக்கு வரும் பஸ்ஸும் ட்ராமும் இந்த பாஸில் அடக்கம், ரயில் அடக்கமில்லை. ஆனால் பஸ்ஸுக்காக மட்டும் பாஸ் எடுப்பது வீண், அதன் தனிக் கட்டணம் ஒன்றரை யூரோ அளவுதான்.

விமான நிலையமும் பொது பாஸில் வராது. பஸ்ஸுக்குக் கூடுதல் தொகை கட்டி விமான நிலையத்தையும் சேர்த்த பாஸாக வாங்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து புறப்படும் அலிலாகூனா படகுகள் வேறு நிறுவனத்தினுடையவை, அதற்குத் தனி டிக்கெட். 2024 முதல் குறிப்பிட்ட நாட்களில் பகல் பயணிகளிடம் வாங்கும் நகர நுழைவுக் கட்டணமும் பாஸுக்குச் சம்பந்தமில்லாதது. வெனிஸில் இரவு தங்குகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை என்றாலும் இணையத்தில் முன்பதிவு செய்து விலக்குச் சீட்டு எடுத்து வைத்திருக்க வேண்டும்.

பாஸ் இருந்தாலும் ஒவ்வொரு முறை ஏறும்போதும் கருவியில் தொட வேண்டும். ஏற்கெனவே தொட்டாயிற்றே என்று நேராக நடக்காதீர்கள், பரிசோதகர் வந்தால் அபராதம்.

இன்னொன்றையும் மனதார வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பழைய நகரத்தில் இப்போது வாழ்கிறவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. நமக்குக் காட்சியாக இருக்கும் 1-ஆம் எண் படகு, அவர்களுக்கு வேலைக்கும் மருத்துவமனைக்கும் போகிற பஸ். சில துறைகளில் அவர்களுக்குத் தனி வரிசை இருக்கிறது, அதில் நிற்காதீர்கள். முதுகுப் பையைக் கழற்றிக் கீழே வையுங்கள். காலை எட்டு மணிக்குப் பெட்டிகளோடு ஏறாமல் பத்துக்கு ஏறினால் நமக்கும் இடம் கிடைக்கும்.

எந்த பாஸ் எடுத்தாலும் ஒரு பயணத்தை இரவு ஒன்பதரைக்கு மேல் ஒதுக்கி வையுங்கள். சான் ஸக்கரியாவிலிருந்து ரயில் நிலையம் நோக்கி அதே 1-ஆம் எண் படகு. கூட்டம் வடிந்திருக்கும். மாளிகைகளின் மேல்மாடி ஜன்னல்களில் விளக்கெரியும், உள்ளே கூரையின் ஓவியம் ஒரு கணம் தெரிந்து மறையும். அம்மா காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, கடைசித் துறை வந்ததும், "இன்னொரு தடவை போயிட்டு வரலாமா?" என்றார். பாஸில் நேரம் மீதி இருந்தது, போய்விட்டு வந்தோம்.