ஓடாத வண்டிக்கு என்ன ஆயில்? ஆக்டேவியா ஆர்எஸ் அனுபவம்

நாகர்கோவில் நண்பன் ஒருவன் பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார் வாங்கியிருக்கிறான். மாதத்துக்கு ஒரு தடவை எடுத்தால் பெரிது, என்ன ஆயில் ஊற்ற என்று கேட்டான். என்னிடம் இருப்பதும் அதே கார்தான், 2.0 டிஎஸ்ஐ என்கிற டர்போ பெட்ரோல் எஞ்சின், 230 குதிரைத்திறன். பாளையங்கோட்டை வீட்டு ஷெட்டில் ஓடுவதை விட நிற்பதுதான் அதிகம்.

நான் ஊற்றுவது மோட்டூல் 8100 எக்ஸ்-செஸ் 5டபிள்யூ-40. (முதல் எண் குறைந்தால் குளிர்ந்த எஞ்சினில் ஆயில் எளிதாக ஓடும், இரண்டாவது எண் கூடினால் சூடான எஞ்சினில் கெட்டியாக நிற்கும்.) அருமையான ஆயில். வாரக்கணக்கில் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் வரும் டக் டக் சத்தம் சட்டென்று அடங்கிவிடுகிறது. ஆனால் இங்கே எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே பாட்டு: "நம்ம ஊரு வெயிலுக்கு இது தண்ணி அண்ணாச்சி, 20டபிள்யூ-50 ஊத்துங்க." கேட்டுக் கேட்டு எரிச்சல்தான் மிச்சம். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் எஞ்சின் சூட்டைத் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்கிறது, அந்தச் சூட்டில் 40 என்பதே போதுமான கெட்டி. நின்ற வண்டியில் ஆயில் முழுக்க எஞ்சினுக்குக் கீழே உள்ள சம்ப் தொட்டியில் இறங்கியிருக்கும், ஸ்டார்ட் செய்ததும் அது மேலே வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டுக்கும் டர்போவுக்கும் சீக்கிரம் ஏற வேண்டும், அந்த நேரத்தில் 20டபிள்யூ-50 கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கெட்டியாக இருக்கும். ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் 10டபிள்யூ-60 எடுத்து நீட்டுகிறவர்களும் உண்டு. அதுவும் இந்த எஞ்சினுக்கு வேண்டாம்.

இதை விடக் கோபம் வருவது அடுத்த பேச்சுக்கு: "வண்டிதான் ஓடவே இல்லியே, பிறகு எதுக்கு ஆயில் மாத்துதிய?" ஓடாததால்தான் மாற்றுகிறேன்! பெட்ரோல் எரிந்தால் தண்ணீரும் உண்டாகும், அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும், எரியாத பெட்ரோலும் கூடவே போகும். நன்றாகச் சூடேறினால் ஆவியாகிப் போய்விடும். சூடேறாவிட்டால் அங்கேயே கிடந்து அமிலமாகி பேரிங்கை அரிக்கும். நான் வெளியூரில் இருந்தபோது, பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று அப்பா தினமும் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்திருக்கிறார். ஐப்பசி மழை வேறு. திரும்பி வந்து ஆயில் மூடியைத் திறந்தால், அடிப்பக்கம் பால் விட்ட காப்பி நிறத்தில் பசை அப்பியிருந்தது. அன்றைக்கே பேட்டரிக்குச் சார்ஜர் வாங்கி மாட்டி, வெறுமனே ஸ்டார்ட் செய்வதை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

இப்போது எடுத்தால் நாலுவழிச் சாலையில் நாங்குநேரி வரையாவது போய்த் திரும்புவேன். இந்த வண்டியில் ஆயில் சூட்டைத் தனியாகக் காட்டும், அதைப் பாருங்கள். ரெட்டியார்பட்டிப் பக்கம் போகையில் தண்ணீர் முள் 90-ல் நிற்கும், ஆயில் அப்போதுதான் 60-ஐத் தாண்டியிருக்கும். மூன்றடைப்பு வரும்போதுதான் அது 90-க்கு மேல் ஏறும். அதுவரை மிதிக்காதீர்கள். இந்தப் பழக்கம் வந்தபிறகு மூடி சுத்தமாக இருக்கிறது.

ஆயிலை வருடம் ஒரு தடவை மாற்றிவிடுங்கள், கிலோமீட்டரைப் பார்க்க வேண்டாம். என் கணக்கு புரட்டாசிக் கடைசி. மழைக்காலத்தில் வண்டி சும்மா நிற்கும்போது உள்ளே இருப்பது புது ஆயிலாக இருக்க வேண்டும், அழுக்கு ஆயிலோடு நிறுத்திவிட்டுத் தை பிறந்ததும் மாற்றுவதில் பலன் குறைவு.

சரி, நண்பனுக்கு என்ன சொல்வது? இவ்வளவு புகழ்ந்த பிறகும் சொல்கிறேன், மோட்டூலே வேண்டும் என்பதில்லை. டப்பாவின் பின்னால் ஃபோக்ஸ்வாகன் 502 00 ஒப்புதல் (ஸ்கோடாவின் தாய் நிறுவனம் ஆயிலுக்கு வைத்திருக்கும் தர அளவு) உள்ள 5டபிள்யூ-40 எதுவானாலும் போதும், மிச்சப்படும் காசுக்கு நல்ல ஃபில்டர் வாங்கு. வருடா வருடம் ஐந்தரை லிட்டருக்கு மேல், பாதிகூட உழைக்காத ஆயிலை வடித்துக் கொட்டுவதைப் பார்க்க வயிறு எரியத்தான் செய்கிறது. நான் மட்டும் இந்தப் புரட்டாசிக்கும் மோட்டூல்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.